காற்றாலை வளர்ந்தது காற்றாலா, அரசாணையாலா?

ஆரல்காற்று எழுதியது:

தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "அரசின் ஊக்குவிப்புதான் காரணம்" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நாலு கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டி தானாகச் சாலையின் அந்தப் பக்கம் போகும். இப்படிக் காற்று அடிக்கிற இடத்தில் அரசு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எவனாவது காற்றாடி நட்டிருப்பான்.

அரசு செய்தது பணமுள்ளவர்களுக்கு வரியைக் குறைத்தது மட்டும்தானே? மாற்றுக் கருத்து இருந்தால் விவரத்தோடு எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

தம்பி, காற்று உங்கள் தாத்தா காலத்திலும் இதே மாதிரிதான் அடித்தது. தனியார் காற்றாடி 1990களில்தான் வந்தது. அதுவரை ஏன் யாரும் நடவில்லை என்று யோசியுங்கள்.

எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றத்தில் அடிபட்ட பிறகுதான் மத்திய அரசு 1982இல் மரபுசாரா எரிசக்திக்கு ஒரு தனித் துறை தொடங்கியது. 1992இல் அது தனி அமைச்சகம் ஆனது. எங்கே எவ்வளவு காற்று என்று யாரிடமும் சரியான கணக்கு இல்லை. அன்னா மாணி போன்ற வானிலை விஞ்ஞானிகள் ஊர் ஊராகக் கருவி வைத்துக் காற்றை அளந்து தொகுத்த பிறகுதான் எந்த மேட்டில் நட்டால் தேறும் என்று தெரிந்தது. அந்தச் செலவை எந்த மில் முதலாளி செய்திருப்பார்?

1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலை வைத்தார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்றைக்குப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். அதே ஆண்டு குஜராத்தில் ஓகாவிலும், மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியிலும் வைத்தார்கள். அது ஓடுகிறது, கிரிட் என்கிற பொது மின்கட்டமைப்போடு சேர்கிறது, உப்புக்காற்றில் துருப்பிடித்து விழவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தனியார் வந்தார்கள். கடன் கொடுக்க வங்கிகள் தயங்கிய காலம் அது. அதற்காகவே 1987இல் இரெடா என்ற அரசு நிதி நிறுவனம் வந்தது.

முதல் நட்டத்துக்குத் தயாராக இருந்தது அரசுதான். வரிச்சலுகை எல்லாம் அப்புறம்.

அவிநாசிசாலை எழுதியது:

கோயம்புத்தூரில் நூற்பாலைக் கணக்கு பார்க்கிறவன் நான். வரியைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

விரைவுத் தேய்மானம் என்று ஒன்று. சாதாரண இயந்திரம் வாங்கினால் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்ந்ததாகக் கணக்கு எழுதலாம். காற்றாலைக்கு முதலில் 100 சதவீதம், பிறகு 80 சதவீதம் முதல் ஆண்டிலேயே எழுதலாம் என்றார்கள். ஒரு பேச்சுக்கு 6 கோடியில் ஒரு காற்றாலை என்று வையுங்கள். 4 கோடியே 80 லட்சம் அந்த ஆண்டின் செலவாகிவிடும். வரி மூன்றில் ஒரு பங்கு என்றால் 1 கோடியே 60 லட்சம் கையில் நிற்கும். வரி தள்ளிப்போகிறதே தவிர ஒழிந்துவிடாது, ஆனால் மில் நடத்துகிறவருக்கு இன்றைய பணம்தான் பணம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் காற்றாலையை இயக்கத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்று ஓட்டமோ ஓட்டம். அதைத் தவறவிட்டவர்கள் மார்ச் 31க்குள் பாதியையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். கிரேன் கிடைக்காது, லாரி கிடைக்காது. காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. சீசன் முடிகிற நேரத்தில் காற்றாடி எழும்பி நிற்கும்!

ஆரல்காற்று எழுதியது:

நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? நட்டால் காசு, சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் காசு. இதை எரிசக்திக் கொள்கை என்று சொல்வதைவிட வரி விலக்குத் திட்டம் என்று சொல்லலாமே.

அவிநாசிசாலை எழுதியது:

பாதி சரி. அந்தக் குறையை டெல்லியிலும் பார்த்தார்கள். 2009 டிசம்பரில் உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகை என்று கொண்டுவந்தார்கள். கிரிட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. தேய்மானச் சலுகை எடுத்தவருக்கு இது கிடையாது, இரண்டில் ஒன்றுதான். வரி கட்டுகிற அளவுக்கு லாபம் இல்லாத புது நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்த வழியாக வந்தார்கள். சுற்றினால்தான் காசு என்று ஆனபோது, எந்த இயந்திரம் அதிக யூனிட் தரும் என்று பார்த்து வாங்கும் பழக்கமும் கூடியது.

ஆனால் 2012 மார்ச்சோடு இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். 2011-12இல் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை ஏறியிருந்தது. அடுத்த ஆண்டு சுமார் 1,700. காற்று அதே காற்றுதான், கணவாய் அதே கணவாய்தான். 2013இல் ஊக்கத்தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், 2014 ஜூலையில் தேய்மானமும் திரும்பியது, நிறுவல் மறுபடி ஏறியது. காற்று போதும், அரசு வேண்டாம் என்கிற உங்கள் வாதத்துக்கு இந்த மூன்று ஆண்டுகளே பதில்.

எரிசக்தி மாணவி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. 2003 மின்சாரச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். அதில் 86ஆம் பிரிவின்படி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஊக்குவிக்க வேண்டும், விநியோக நிறுவனங்கள் தங்கள் மின்சாரத்தில் இத்தனை சதவீதத்தை இப்படித்தான் வாங்க வேண்டும் என்று நிர்ணயிக்க வேண்டும். வாங்குவதற்கு ஆள் உண்டு என்ற உறுதி இல்லாமல் வங்கி கடன் கொடுக்காது.

அப்புறம், 2005 விதிகளில் சொந்த உபயோக உற்பத்திக்கு வந்த இலக்கணம். 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது பங்குதாரர்களே பயன்படுத்தினால் அது சொந்த மின்நிலையம். நாலைந்து மில்கள் சேர்ந்து ஒரு காற்றாலையில் பங்கு போடுவது இந்த வழியில்தான். வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குகிறவர்கள் கட்டுகிற குறுக்கு மானிய மேல்வரி அவர்களுக்கு இல்லை.

நடுவர் எழுதியது:

எந்த ஆட்சியில் அதிக மெகாவாட் என்று சண்டை போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு அரசியல் பகுதி இருக்கிறது.

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

கணக்கர் சார் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். பேங்கிங்.

தெரியாதவர்களுக்கு: மில் ஆண்டு முழுக்க ஒரே சீராக மின்சாரம் எடுக்கும். காற்றாடி ஐந்து மாதம் கொட்டும், மீதி மாதம் சும்மா அசையும். சீசனில் மிஞ்சுகிற யூனிட்டை மின் வாரியத்திடம் "போட்டு வைத்து" காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1இல் கணக்கு தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடியும். வங்கி என்றதும் ஏதோ பெட்டிக்குள் மின்சாரத்தை வைத்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். ஜூலை நள்ளிரவில் யாருக்கும் வேண்டாத நேரத்தில் எங்கள் வாரியத்தின் தலையில் கொட்டுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் நாங்கள் வெளியே அதிக விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுப்போம். இதற்குக் கட்டணமாக அவர்கள் யூனிட்டில் கழித்துக்கொடுத்தது பல காலம் 5 சதவீதம். பின்னாளில்தான் அது 10ஐத் தாண்டியது.

அந்த வித்தியாசத்தை யார் சுமந்தது? வாரியம். வாரியம் என்றால் கடைசியில் கட்டணம் கட்டுகிற கடைக்காரரும், வரி கட்டுகிற நீங்களும்தான்.

அவிநாசிசாலை எழுதியது:

வசதியாக விடவில்லைங்க, தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்ன கணக்கு இன்றைக்குச் சரி. 2008இல் மின்வெட்டு தொடங்கி 2012இல் ஊரெல்லாம் இருட்டாகக் கிடந்ததே, அப்போது என்ன கணக்கு? பல மில்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. காற்று சீசன் வந்தால்தான் மாநிலமே மூச்சு விட்டது. அந்தக் காற்றாடிகளை வாரியம் கடன் வாங்கி நடவில்லை, மில்கள் கடன் வாங்கி நட்டன. ஈரோடு, திருப்பூர், ராஜபாளையம், கரூர் என்று எல்லா ஊர்ப் பணமும் திருநெல்வேலி மண்ணில் போய் நின்றது. ஏன் துணிந்தார்கள்? பேங்கிங் இருந்ததால். வரிச்சலுகை முதல் ஆண்டோடு முடிந்துவிடும், பேங்கிங் இருபது ஆண்டுக்கும் சோறு போடும்.

வாரியத்துக்கு விற்ற காற்றாலைகளுக்குப் பணம் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டைத் தாண்டியும் நின்றது ஊரறிந்த செய்தி. அப்படிப்பட்ட இடத்தில் யூனிட்டுக்கு யூனிட் என்று கழித்துக்கொள்கிற ஏற்பாடுதான் பாதுகாப்பு. 2022இல் தாமதக் கட்டண விதிகளை மத்திய அரசு கொண்டுவந்து, பாக்கியைத் தவணையாக அடைக்காவிட்டால் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்க முடியாது என்று கட்டிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் சரியானது. எந்த மானியமும் செய்யாததை அந்த ஒரு விதி செய்தது என்பேன். காசு கேட்காத கொள்கை, ஆனால் பல் உள்ள கொள்கை.

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

மின்வெட்டுக் காலத்தில் காற்றாடி காப்பாற்றியதை மறுக்கவில்லை. நல்ல சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. என் வாதம், காலம் மாறினால் சலுகையும் மாற வேண்டும் என்பதுதான். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கு ஆண்டு முழுமைக்குமான பேங்கிங் இல்லை என்று ஆக்கினார்களே, அது நியாயம்.

எரிசக்தி மாணவி எழுதியது:

அதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. அதுவரை ஆணையம் விலை நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் காற்றாலை யூனிட்டுக்கு 4.16 ரூபாய் இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தலைகீழ் ஏலம் விட்டது, குறைந்த விலை கேட்பவருக்குத் திட்டம். 3.46க்கு முடிந்தது. ஆகஸ்டில் தமிழ்நாடு விட்ட ஏலம் 3.42. ஆண்டு முடிவதற்குள் குஜராத்தில் 2.43!

நுகர்வோருக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 2016-17இல் சுமார் 5,500 மெகாவாட் ஏறிய நாட்டில் அடுத்த ஆண்டு 2,000ஐக்கூடத் தொடவில்லை. 2017 ஏப்ரலில் தேய்மானத்தையும் 40 சதவீதமாகக் குறைத்தார்கள், ஊக்கத்தொகையும் முடிந்தது. விலை, வரி, ஊக்கத்தொகை என்று மூன்று கதவையும் ஒரே நேரத்தில் மாற்றினால் தொழில் தடுமாறாமல் என்ன செய்யும்? காற்றாடி செய்கிற நிறுவனங்கள் பல கடனில் மூழ்கின. அந்த விலைக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்றால் மிக நல்ல காற்றும் மலிவான நிலமும் வேண்டும், எல்லோரும் குஜராத்தின் கட்ச் பக்கம் போனார்கள். நீண்ட காலம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை நிறுவு திறனில் குஜராத் முந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீக்கிரம் போட்ட ஒப்பந்தத்துக்கும் வலி உண்டு. 2015இல் கமுதி சூரிய மின் திட்டத்துக்கு யூனிட் 7.01 ரூபாய். 648 மெகாவாட், அன்றைக்கு உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. 2017 மே மாதம் ராஜஸ்தான் பத்லாவில் ஏலம் 2.44க்கு வந்துவிட்டது.

மாடிவெயில் எழுதியது:

எல்லாரும் மெகாவாட்டிலேயே நிற்கிறீர்கள். மொட்டை மாடிக்கு வாருங்கள்.

மாடிச் சூரியப் பலகைக்கென்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். எங்கள் வீட்டில் 3 கிலோவாட் போட்டோம். மானியம் ஒழுங்காக வந்தது. பலகை மாட்டிய நிறுவனம்தான் பணம் வாங்கியதோடு சரி, இன்வெர்ட்டர் பழுதுக்குப் போன் எடுப்பதில்லை. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது இது. என் தங்கை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்தான் ஆகும். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்ததும் மலிவு. அவளுக்கு 78,000 மானியம் கொடுத்தாலும் போட்ட காசைத் திருப்பி எடுக்கப் பல ஆண்டு ஆகும், ஏன் போட வேண்டும்? எங்கள் வீட்டில் இரண்டு ஏசி. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். 3 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் பக்கம் தருகிறது. எங்களுக்கு லாபமோ லாபம். ஆக டெல்லி மானியம் யாருக்குப் போகிறது? ஏசி இருக்கிற வீட்டுக்கு. இலவச மின்சாரம் தவறு என்று சொல்ல மாட்டேன், அதை நம்பி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கை சூரியப் பலகை போடு என்கிறது, இன்னொரு கை தேவையில்லை என்கிறது. மாடிச் சூரிய மின்சாரத்தில் குஜராத், கேரளாவுக்குப் பின்னால் நாம் நிற்பதற்கு வெயில் குறைவு காரணம் இல்லை.

பணகுடிக்காரன் எழுதியது:

விவசாயத்துக்கும் அதே கதைதான் அக்கா. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறவன் சோலார் பம்புக்கு ஏன் கைக்காசு போடுவான்? சோலார் பம்புக்கான மத்திய அரசின் குசும் திட்டத்தில் மானியம் பாதிக்கு மேல் கிடைத்தாலும், இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவன்தான் கேட்கிறான்.

காற்றாடிக்கு வருகிறேன். யாருமே நிலத்தைப் பற்றிப் பேசவில்லையே அண்ணாச்சி. எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி. தொண்ணூறுகளில் புரோக்கர்கள் வந்து அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். எங்கள் அப்பாவும் விற்றார். மில்லுக்கு வரிச்சலுகை, பேங்கிங், கம்பெனிக்கு ஊக்கத்தொகை. நிலத்துக்காரனுக்கு எந்தக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது? ஒரே தடவை ஒரு தொகை, அப்புறம் வாட்ச்மேன் வேலை. பாதைக்காக ஓடையை மூடி மழைத்தண்ணி குளத்துக்கு வராமல் போன ஊரும் உண்டு.

ஆரல்காற்று எழுதியது:

இதுதான் எனக்கும் உறுத்துவது. அரசுக் கொள்கை இல்லாமல் வளர்ந்திருக்காது என்பதை 2012 கணக்கைப் பார்த்து ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்குக் காசு கொடுத்தார்களோ அது மட்டும் வளர்ந்தது. இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள், இயந்திரம் வந்தது. அதை இழுத்துக்கொண்டு போகிற லைனுக்கும், சேர்த்து வைக்கிற இடத்துக்கும் கொடுத்தார்களா?

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

தாமதமாகக் கொடுத்தார்கள். பசுமை வழித்தடம் என்ற பெயரில் ஜெர்மன் வங்கிக் கடனும் மத்திய அரசு மானியமும் சேர்ந்து 400 கிலோவோல்ட் துணை மின் நிலையங்கள், லைன்கள் வந்தன. தேனியில் தப்பகுண்டு அப்படி வந்ததுதான். அதற்கு முன்பு காற்றாடி எழுந்து நிற்கும், லைன் தாங்காது, நிறுத்தச் சொல்லிப் போன் போகும்.

சேர்த்து வைப்பதற்கு எண்பதுகளில் கட்டிய காடம்பாறை இருக்கிறது. 400 மெகாவாட், மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. காற்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிய மாநிலத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் வேலை நீண்டுகொண்டே போகிறது.

எரிசக்தி மாணவி எழுதியது:

நிறுத்தச் சொல்வது எல்லாமே லைன் தாங்காததால் இல்லை சார். சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் சொன்னதைப் படித்துப் பாருங்கள். கிரிட் பாதுகாப்பைக் காரணம் காட்டி, உண்மையில் விலைக் காரணத்துக்காக நிறுத்தியதற்கு இழப்பீடு கொடு என்று உத்தரவு. 7 ரூபாய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மலிவானதை வாங்குவது வாரியத்துக்கு லாபம். கட்டாயம் எடுக்க வேண்டும் என்று விதி இருந்தும் இந்த நிலை. அதே ஆண்டு மத்திய அரசு அதற்கென்றே தனி விதிகளும் போட்டது.

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

படித்தேன் அம்மா. அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்ல வருத்தம்தான், ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். காற்றும் வெயிலும் கொட்டுகிறது என்பதற்காக அனல் மின்நிலையத்தை அதன் திறனில் சுமார் 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது கடினம் என்பதையும் ஒரு ஓரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அவிநாசிசாலை எழுதியது:

இப்போதைய சிக்கலுக்கு வரலாமா? நல்ல காற்று அடிக்கிற இடத்தையெல்லாம் 225, 250 கிலோவாட் பழைய காற்றாடிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதே இடத்தில் 2, 3 மெகாவாட் இயந்திரம் நட்டால் யூனிட் பல மடங்கு வரும். 2024இல் மாநில அரசு இதற்கென்றே கொள்கை வெளியிட்டது. ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை நட்டால் அது புது இயந்திரம், பழைய பேங்கிங் போய்விடும் என்பதுதான் எங்கள் வட்டாரத்தில் எல்லோருடைய பயமும். கடன் எப்போதோ அடைந்த காற்றாடி, ஏதோ சுற்றுகிறது, பேங்கிங்கும் இருக்கிறது. அதைக் கழற்ற எவருக்கு மனம் வரும்? போதாததற்கு மேம்பாட்டுக் கட்டணம் வேறு கேட்கிறார்கள்.

ரிட்டயர்டு ஏஇ எழுதியது:

என்னைக் கேட்டால், பழைய இயந்திரம் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை யூனிட் கொடுத்ததோ அந்த அளவுக்கு மட்டும் பழைய பேங்கிங் தொடரட்டும். அதற்கு மேல் வருவதை அன்றன்றைக்கு மில்லே உபயோகிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி வைக்க வேண்டும். வாரியத்துக்குச் சுமை கூடாது, உங்களுக்கும் இருப்பது போகாது.

அவிநாசிசாலை எழுதியது:

அப்படி ஒரு ஆணை வந்தால் எங்கள் முதலாளி மறுநாளே கையெழுத்துப் போடுவார். ஆனால் பெரிய இயந்திரத்தின் இறக்கை பக்கத்து நிலத்துக்கு மேலே சுற்றும். சுற்றி இருக்கிற அஞ்சாறு பேர் சம்மதிக்க வேண்டும்.

பணகுடிக்காரன் எழுதியது:

ஆண்டு வாடகை என்றால் பேசலாம், அதையும் யூனிட் கணக்கில் எழுதித் தரணும். ஓடையையும் திறந்து விடணும். மொத்தமாக வாங்கிக்கொண்டு போன கதை எங்க அப்பாவோடு முடிந்தது.